மச்சான்ட காரும் மூணு பிரஷும்



நேற்று அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது ஒரு சகோதரர் கேட்டார். "சேர், உங்கட கார் சில்லு மட்டும் எப்பிடி இப்பிடிப் பளிச்செண்டு இருக்கு? என்ன பிரஷ் போடுறீங்க?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். விஞ்ஞான சேரிடம் கேட்க வேறு கேள்வி கிடைக்கவில்லையா என்று. நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. இந்த நோன்பு மாதம் முழுக்க எனக்குப் பாடம் எடுத்த கேள்வியே அதுதான். பதில் கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன். கார், வேன், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று எதையாவது வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். அது என்னுடைய கார் இல்லை. தங்கச்சியின் மாப்பிள்ளையுடைய கார். மச்சான் கட்டாரில் இருக்கிறார். போகும்போது சாவியை என் கையில் தந்து, "மச்சான், இது உங்கட பொறுப்பு. பிள்ளைகளக் கொண்டு போறதுக்கும் பாவியுங்க, நீங்க ஸ்கூலுக்குப் போறதுக்கும் பாவியுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்ன ஜப்பான் கார். நான்கு சில்லுக்கும் அலோய் வீல்.

நம் நாட்டில் ஒரு காரின் பெறுமதி என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். இடையில் ஐந்து வருடம் பழைய கார்களை வைத்துத்தான் நாடு ஓடியது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்து வாங்கிய ஒரு கார் ஒரு குடும்பத்தின் பாதி வாழ்க்கை. அதை ஒருவர் நம்பித் தந்தால் அது அமானிதம். அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

காரின் மேல்பகுதியைக் கழுவுவதில் எனக்குப் பிரச்சினை இருக்கவில்லை. பிரச்சினை சில்லில்தான். வாரத்துக்கு ஒருமுறை கழுவினாலும் முன் சில்லு இரண்டும் கறுப்பு. கைக்கு எட்டுகிற முன்பக்கம் சுத்தமாகும். கைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கு, நட் பூட்டிய குழி, உள்பக்கத்து வட்டம் எல்லாம் அப்படியே கிடக்கும். (சில்லின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கம்பங்களைத்தான் 'கை' என்று எழுதுகிறேன்.)

ஏன் முன் சில்லு மட்டும் அதிகம் கறுக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்கு டிரம் பிரேக். பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. அதனால் முன் பிரேக்தான் அதிகம் வேலை செய்கிறது. பிரேக் பேட் இரும்பு டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும்போது பேட்டும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. அந்தத் தூள் சூட்டோடு பறந்து வந்து சில்லில் ஒட்டுகிறது. பின்னால் டிரம் மூடிக் கிடப்பதால் தூள் பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்தக் கார்களில் வேகத்தைக் குறைக்கிற வேலையில் ஒரு பங்கை மோட்டரே பார்த்துவிடுகிறது.

ஒட்டிய தூளில் இரும்பு இருக்கிறது. நாம் கடற்கரையோர ஊர்க்காரர். உப்புக் காற்று. இரும்பும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தரம் 10 பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். துருப்பிடிக்கும். வெள்ளி நிறச் சில்லில் செம்மஞ்சள் புள்ளி விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. அது பெரும்பாலும் மேலே குத்திக்கொண்டு நிற்கும் பிரேக் தூளின் துரு.

இவ்வளவு விஞ்ஞானம் தெரிந்த நான்தான் பிழையைச் செய்தேன்.

நோன்பு பத்தோ பதினொன்றோ. பாடசாலை நோன்பு விடுமுறை. மச்சான் பெருநாளைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வரும்போது கார் புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹாட்வெயார் கடைக்குப் போனேன். நீளமான ஒரு பிரஷ் தொங்கியது. போத்தல் கழுவுகிற மாதிரி, முறுக்கிய கம்பியைச் சுற்றி விறைப்பான நைலோன் நார். நீளம் போதும், உள்ளுக்கு எட்டும் என்று வாங்கி வந்தேன். நீளத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அஸருக்குப் பிறகு வேலையைத் தொடங்கினேன். நோன்புக் களைப்பு. இஃப்தாருக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரம். சில்லுக்குத் தண்ணீர் அடித்துவிட்டுத் தேய்க்காமல், வாளியில் சவர்க்காரத் தூளைக் கரைத்து நேரே பிரஷைப் போட்டேன். கைகளுக்கு நடுவால் விட்டு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. மனசுக்குச் சந்தோஷம். வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

கழுவி முடித்துத் துணியால் துடைத்தபோதுதான் கண்டேன். முன் இடது சில்லின் உள்பக்கம் வட்டம் வட்டமாகக் கீறல். அது போகட்டும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டு கைகளின் ஓரத்திலும் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு நீட்டுக் கோடு. பிரஷைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் நார் இல்லை. முறுக்கிய கம்பியின் முனை மொட்டையாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறை உள்ளே குத்தும்போதும் அந்தக் கம்பிதான் முதலில் போயிருக்கிறது.

அன்றைக்குக் கஞ்சி தொண்டையால் இறங்கவில்லை.

மூன்று நாள் மச்சானிடம் சொல்லவில்லை. உண்மையை எழுதுகிறேன், சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வந்து பார்த்துக் கேட்டால் "ரோட்டில கல்லு பட்டிருக்கும்" என்று சொல்லலாம். நம்பவும் செய்வார். தராவீஹில் நிற்கும்போதும் அந்த இரண்டு கோடுதான் கண்ணுக்குள் நின்றது. நாலாம் நாள் ஸஹருக்குப் பிறகு அழைப்பு எடுத்துச் சொன்னேன்.

மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போட்டோ அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். "உள்ளுக்கு இருக்கிறதப் பத்திக் கவலப்படாதீங்க மச்சான். அந்த வெளிக்கோடு ரெண்டும்... சரி, விடுங்க. மறுகா அந்தப் பிரஷ்ஷ மட்டும் எடுக்காதீங்க." குரலில் வருத்தம் இருந்தது. மறைக்கவில்லை அவர். ஆனாலும் அழைப்பை வைத்த பிறகு எனக்கு மூச்சு லேசாக வந்தது.

அன்றே ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு வாகன சேர்விஸ் இடத்துக்குப் போனேன், கோட்டை எடுக்க ஏதும் வழி இருக்கிறதா என்று கேட்க. அங்கே சில்லுக்கு முன்னால் குந்தியிருந்த ஒருவன் எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, "சேர்!" என்றான். என் பழைய மாணவன். பெயர் போட மாட்டேன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு டபிள்யூ எடுத்தவன். கடைசி வாங்கு. அவ்வளவுதான் எனக்கு அவனைப் பற்றி ஞாபகம். இன்னொன்றும் ஞாபகம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவன் சில்லைப் பார்த்தான். விரல் நகத்தை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டினான். "நகம் தடக்குது சேர். மேல் கிளியர் கோட்டத் தாண்டிட்டு. பொலிஷ் போட்டா மங்கும், முழுசாப் போகாது. நகம் தடக்காட்டி எடுத்திருக்கலாம்." பிறகு நான் கொண்டு போன பிரஷை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சேர், இது போத்தலுக்கு. வீலுக்கு இல்ல."

அதன் பிறகு அரை மணித்தியாலம் அவன் சொன்னான், நான் கேட்டேன். இடையில் கொப்பி இல்லையே என்று கவலைப்பட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நானே செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு பிரஷால் முழுச் சில்லையும் கழுவ முடியாது. மூன்று வேண்டும். மூன்றும் விலை கூடினதாக இருக்கத் தேவையில்லை.

முதலாவது, உள்பக்கத்து வட்டத்துக்கு. நீளக் கழுத்து, மெல்லிய உடம்பு. வாங்க முன் சில்லில் அளவு பாருங்கள். முன் சில்லின் கைக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற பிரேக் கவ்விக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது? எங்கள் காரில் இரண்டு விரல்தான். பெரிய ஜீப்புக்குச் செய்த மொத்தப் பிரஷை வாங்கினால் உள்ளேயே போகாது. தள்ளிப் போட்டால் சிக்கிக்கொள்ளும். பஞ்சு மாதிரி மென்மையான நார் அல்லது மைக்ரோபைபர் துணி சுற்றியது நல்லது. அதைவிட முக்கியம் நுனி. நுனியிலும் நார் மூடியிருக்க வேண்டும், அல்லது றப்பர் தொப்பி இருக்க வேண்டும். கழுத்துக் கம்பி முழுக்க பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். ஏனென்றால் நார் உள்ளே தேய்க்கும்போது கழுத்து வெளியே கையில் உரசிக்கொண்டிருக்கிறது. என் வெளிக்கோடு இரண்டும் அப்படி வந்தவைதான்.

இரண்டாவது, நட் குழிக்கு. பெருவிரல் மொத்தத்தில் கட்டையான பிரஷ். பக்கத்திலும் தலையிலும் நார் இருக்க வேண்டும். குழிக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால் போதும். கடையில் கிடைக்காவிட்டால் வட்டமான பெயின்ட் பிரஷ் ஒன்று எடுங்கள். நாரைப் பிடித்திருக்கிற தகரப் பட்டிக்கு இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றுங்கள். அவன் அப்படித்தான் வைத்திருக்கிறான். நான் இப்போது பாவிப்பதும் அதுதான்.

மூன்றாவது, முகத்துக்கும் கைகளின் ஓரத்துக்கும். கையில் அடங்குகிற, நுனி பிளந்த மென்மையான நார் உள்ள பிரஷ். நார் நுனி நான்கைந்தாகப் பிரிந்து பஞ்சு மாதிரி இருந்தால் சவர்க்காரத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும், கீறவும் மாட்டாது. காற்று வால்வைச் சுற்றி, இலச்சினை எழுத்தைச் சுற்றி என்றால் வீட்டில் கழித்த மென்மையான டூத் பிரஷ் போதும்.

தும்பு பிரஷ் பாவிக்கலாமா என்று உம்மா கேட்டார்கள். தும்பு நம் நாட்டுப் பொருள், பிரஷ் செய்வதற்கென்றே இங்கிருந்து வெளிநாட்டுக்குத் தும்பு போகிறது. டயரின் றப்பருக்கும் கால்மிதிக்கும் அருமையான சாமான். அலோய் வீலுக்கு மட்டும் கொண்டு போக வேண்டாம்.

வாங்கிய பிரஷ் மென்மையா என்று எப்படித் தெரியும்? கடையிலேயே மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் வேண்டாம். வீட்டுக்கு வந்து இன்னொரு சோதனை. பழைய சீடி ஒன்றை நனைத்து, பளபளக்கிற பக்கத்தில் பிரஷைப் பத்துத் தரம் தேயுங்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். சீடியில் புதுக் கோடு விழுந்தால் அந்தப் பிரஷ் டயருக்கு மட்டும்.

ஆனால் எவ்வளவு நல்ல பிரஷாக இருந்தாலும் மணல் பட்டால் அது உப்புத்தாள்தான். இதை அவன் சொன்னபோது எனக்கு வெட்கம் வந்தது. ஏனென்றால் இதன் காரணம் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். பொருட்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் டல்க் 1, வைரம் 10. நம் விரல் நகம் இரண்டரை. அலுமினியம் மூன்றுக்கும் குறைவு. மணலில் இருக்கிற குவாட்ஸ் 7. கடற்கரை மணலும், நெல் வெட்டுக் காலத்தில் உழவு இயந்திரம் வீதிக்குக் கொண்டு வந்து போடுகிற சேறும் சில்லில் இருக்கும்போது பிரஷைப் போடுவது, மணலை எடுத்து நாமே தேய்ப்பது. அதனால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அடித்து மணலை இறக்க வேண்டும். பிரஷைக் கழுவவும் வேறு வாளி வேண்டும். பஞ்சுப் பிரஷும் மைக்ரோபைபரும் மணலை உள்ளே ஒளித்து வைத்துக்கொள்ளும். அடிக்கடி தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுங்கள். சில்லுப் பிரஷை ஒருநாளும் காரின் பெயின்டில் வைக்காதீர்கள்.

ஓடி வந்த சூட்டோடு சில்லைக் கழுவ வேண்டாம். கை வைத்துப் பார்த்து ஆறிய பிறகு, நிழலில் வைத்து, ஒவ்வொரு சில்லாகக் கழுவி உடனே அலசுங்கள். சவர்க்காரத் தண்ணீர் காய்ந்தால் கறை விழும். தண்ணீரை ஓட விட்டுக்கொண்டு தேய்க்கத் தேவையில்லை. இரண்டு வாளி போதும். வுழூவிலேயே விரயம் செய்ய வேண்டாம் என்று படித்தவர்கள் நாம்.

இன்னொன்று. சிலர் சில்லு பளிச்சிட வேண்டும் என்று மலசலகூடம் கழுவுகிற அசிட்டை ஊற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். அலுமினியம் அதோடு தாக்கமடைந்து ஐதரசன் வாயுவை விடும். கோஸ்டிக் சோடாவோடும் அப்படித்தான். அன்றைக்குப் பளிச்சிடும், பிறகு மங்கி அரித்துப் போகும். இரும்புத் தூள் எடுக்கவென்று விற்கிற திரவம் இருக்கிறது. இரும்போடு பட்டதும் ஊதா நிறமாக வடியும், நாற்றமும் அடிக்கும். அது சரி, ஆனால் கையுறை போட்டு, காய விடாமல் அலசிவிடுங்கள். அந்தத் திரவத்தோடு இயற்கை மயிர்ப் பிரஷ் பாவித்தால் மயிர் சீக்கிரம் கெட்டுவிடும். பிளாஸ்டிக் நார்தான் தாங்கும்.

சில்லின் உள்வட்டத்தில் சின்னச் சின்ன ஈயம் அல்லது இரும்புத் துண்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். அழுக்கு என்று நினைத்துத் தோண்ட வேண்டாம். அது சில்லைச் சமநிலைப்படுத்த ஒட்டிய பாரம். கழன்றால் வேகமாக ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு சொல். என்ஜினை ஓட விட்டு, சில்லு தானாகச் சுழலும்போது பிரஷ் பிடிக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சங்கிலிக்கு விரலும் பிரஷும் ஒன்றுதான்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன்.

மூன்று பிரஷும் வாங்கி இரண்டு முறை கழுவினேன். மூன்றாவது முறை, நோன்பு இருபத்தி நாலு. முன் சில்லு இரண்டும் முடிந்தது. பின் வலது முடிந்தது. பின் இடது சில்லின் உள்ளே பிரஷை விட்டு எடுத்தேன். மற்ற மூன்றிலும் மாப்போல வந்த தூள் இதில் பசையாக வந்தது. போன கிழமை கழுவிய இடம். டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்வட்டத்தின் அடியில் ஈரம். டயரின் உள்பக்கத்திலும் ஒரு கோடு வடிந்திருந்தது. நான் இன்னும் அந்தச் சில்லுக்குத் தண்ணீரே அடித்திருக்கவில்லை.

வெள்ளைக் கடதாசியால் ஒற்றி எடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் பிழிந்து விட்டேன். எண்ணெய் என்றால் மேலே மிதக்கும், வானவில் மாதிரிப் படலம் தெரியும். இது கரைந்து போனது. சாதாரண பிரேக் ஒயில் தண்ணீரோடு கலக்கிற வகை. நெஞ்சு திக்கென்றது. பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் போத்தலைப் பார்த்தேன். குறைந்த அளவுக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதனால்தான் டேஷ்போர்டில் சிவப்பு வெளிச்சம் இன்னும் வரவில்லை. பெடலும் வழமை போலத்தான் இருந்தது. ஓட்டும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரை அசைக்கவில்லை. கராஜ்காரருக்குச் சொன்னேன். இஃப்தார் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். ஜக் வைத்து, சில்லைக் கழற்றி, டிரம்மை எடுத்துக் காட்டினார். வீல் சிலிண்டரின் றப்பர் பழுதாகி ஒயில் கசிந்து, பிரேக் ஷூ முழுக்க ஊறிக் கிடந்தது. "எங்க சேர் போக இருந்தீங்க?" என்று கேட்டார்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் மச்சான், தங்கச்சி, மூன்று பிள்ளைகள், உம்மா எல்லோரும் கண்டிக்குப் போவதென்று பேசி வைத்திருந்தார்கள். மஹா ஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை வழியாக. அந்தப் பாதையில் போனவர்களுக்குப் பதினெட்டு வளைவு தெரியும். போகும்போது ஏற்றம். திரும்பி வரும்போது பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் ஒயில் இரண்டு தனி வழியாகப் போகிறது, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்று கராஜ்காரர் ஆறுதல் சொன்னார். சரிதான். ஆனால் பாதிப் பிரேக்கோடு, ஆறு பேரோடு, அந்த வளைவில் என் மச்சான் காரை இறக்குவதை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

சிலிண்டர் மாற்றி, இரண்டு பக்கத்து ஷூவும் புதிதாகப் போட்டு, காற்று எடுத்து, புது ஒயில் விட்டோம். மச்சானுக்கு அன்றிரவே சொன்னேன். இந்த முறை மூன்று நாள் காத்திருக்கவில்லை.

பிரஷ் காப்பாற்றியது என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றியவன் அல்லாஹ். ஆனால் பிரஷ் போன இடத்துக்குக் கண்ணும் போனது. அந்தப் பிரஷ் எட்டாமல் இருந்திருந்தால் முன்பக்கத்தை மட்டும் மினுக்கிவிட்டு, கார் நல்லாயிருக்கிறது என்று சாவியைக் கொடுத்திருப்பேன். அமானிதத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் வெளியே தெரிகிற பக்கத்தை மினுக்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன் போலும். வாகனத்தைக் கழுவக் கொடுக்கிறவர்களும் மாதத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து, டோர்ச் அடித்து, நான்கு சில்லின் உள்பக்கத்தையும் பாருங்கள். காய்ந்த கறுப்புத் தூள் இருந்தால் வழமை. ஈரமாக, பசையாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், கராஜ்காரரைக் கூப்பிடுங்கள். கழுவி முடித்து வெளிக்கிடும்போது மெதுவாக ஓட்டி நாலைந்து தரம் பிரேக்கை மிதித்து நீரைப் போக்குங்கள். டயருக்குப் பூசுகிற மினுக்கு எண்ணெய் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தது. அவன் தரம் 10 படிக்கும்போது ஒருநாள் வகுப்பு முழுக்கக் கேட்க, "நீ ஒண்டுக்கும் சரிவர மாட்டாய்" என்று சொன்னவன் நான். அவனுக்குப் பாடம் ஏற வேண்டும் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு அவன் தலையைக் குனிந்ததும் வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்யும்போது அவனைத் தேடிப் பிடித்து, அந்த நாளைச் சொல்லி மாப்புக் கேட்டேன். "அய்யோ சேர், எனக்கு ஞாபகமே இல்ல" என்று சிரித்தான். கையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிப் பிடித்தான். ஞாபகம் இருந்திருக்கிறது.

மச்சானுக்கு அவனை அறிமுகப்படுத்தினேன். இரண்டு பேரும் சில்லுக்கு முன்னால் குந்திக்கொண்டு அந்த இரண்டு கோட்டையும் பார்த்தார்கள். அவன் பொலிஷ் போட்டுத் தந்தான். கோடு மங்கியிருக்கிறது. முழுசாகப் போகவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னும் தெரியும்.

பள்ளிவாசலில் கேட்ட சகோதரரே, இதுதான் பதில். நீளம் எட்டுமா என்று பாருங்கள். எட்டுகிற நுனி மென்மையா என்றும் பாருங்கள்.

வேறு நல்ல முறை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இந்த வயதிலும் படிக்க விருப்பம். எல்லோரது பயணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.